பாபா பட்டறை போட்டார், பக்கத்து வீடு காலி

வீட்டில் பட்டறை போடுகிறவன் முதலில் ஒரு மூலைதான் கேட்பான். “ஒரு மேஜை, நாலு ஸ்பானர், அவ்வளவுதான் அத்தே” என்பான். அத்தையும், பாவம், பிள்ளை ஏதோ ஆசைப்படுகிறான் என்று தலையை ஆட்டிவிடுவாள். ஆறு மாதத்தில் கார் வெயிலில் நிற்கும். ஒரு வருஷத்தில் துவைக்கிற கல் இடம் மாறும். அப்புறம் டிரில்லிங் மெஷின் வரும், வெல்டிங் வரும், ராத்திரி பதினோரு மணிக்கு இரும்பு அறுக்கிற சத்தம் வரும். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் ஒருநாள் எட்டிப் பார்த்து, “தம்பி, கொஞ்சம்...” என்று ஆரம்பிப்பார். தம்பியோ சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். சுவரை இன்னும் ஒரு பத்தடி தள்ளிக் கட்டினால் எவ்வளவு வசதி!

இந்த ஆசையில் உலகம் நியாயமாக நடந்துகொண்டதே இல்லை. 1939-ல் கலிபோர்னியாவில் ஹியூலெட், பேக்கார்ட் என்ற இரண்டு வாலிபர்கள் ஒரு கார் ஷெட்டில் மின்கருவி செய்தார்கள். அந்த ஷெட்டை இன்று அரசாங்கமே நினைவுச்சின்னம் என்று பலகை மாட்டிக் காப்பாற்றுகிறது. 1990-களில் மிச்சிகனில் ஒரு பையன், அம்மா வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் தானாகவே அணு உலை செய்யப் பார்த்தான். 1995-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வந்து அந்தக் கொட்டகையையே பிரித்து, டிரம்களில் அடைத்து, எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தது. நம் ஊர்ப் பையன் அணு உலை செய்தபோது பிரதமர் வந்து பெயர் வைத்தார்.

நம் ஊர்ப் பையன் என்றால் ஹோமி ஜஹாங்கீர் பாபா. 1909-ல் பம்பாயில் பிறந்த பார்சி. கேம்பிரிட்ஜில் படித்து, காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து பெயர் வாங்கி, 1939-ல் லீவுக்கு ஊர் வந்தவர். வந்த இடத்தில் இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது, திரும்ப முடியவில்லை. பெங்களூரில் சி.வி. ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கெட்டிக்காரப் பையனுக்கு லீவு நீண்டால் என்ன நடக்கும் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். எதையாவது பிரிப்பான், இல்லையென்றால் எதையாவது கட்டுவான். பாபா இரண்டையும் சேர்த்தே யோசித்தார்.

1944 மார்ச் 12 அன்று சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் போட்டார். சாரம் இதுதான்: எனக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் வேண்டும்; இன்னும் இருபது வருஷத்தில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வந்தால், ஆளுக்காக நாம் வெளிநாட்டுக்கு அலைய வேண்டாம். ஹிரோஷிமாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முன்பு இதை எழுதினார் என்பதற்காக அவரைத் தீர்க்கதரிசி என்பார்கள். சரிதான். ஆனால் பணம் கேட்ட இடத்தையும் கவனியுங்கள். தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய், பாபாவின் அப்பாவுடன் பிறந்தவர். சொந்த அத்தை. அத்தையும் மாமாவும் அதற்குள் காலமாகியிருந்தார்கள்; அறக்கட்டளை மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது.

பணம் ஆயிற்று. இடம்? 1945 ஜூனில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் தொடங்கி, அதே வருஷம் டிசம்பரில் பம்பாய் பெடர் ரோட்டுக்கு வந்தது. ‘கெனில்வொர்த்’ என்ற பங்களாவில் சுமார் ஆறாயிரம் சதுர அடி. பங்களாவின் சொந்தக்காரி இன்னொரு உறவுக்கார அம்மாள், தாய்வழி. பாபா பிறந்ததே அந்த வீட்டில்தான். பிறந்த வீட்டில் தொட்டில் கட்டுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம்; முப்பத்தாறு வயதில் திரும்பி வந்து லேபரட்டரி கட்டியவர் இவர் ஒருவர்தான். ஆக, இந்திய அணு ஆராய்ச்சியின் மூல முதலீடு: ஒரு அத்தை குடும்பத்தின் பணம், இன்னொரு அம்மாளின் வீடு. ஐயா மட்டும் நம் ஊர்ப் பக்கம் பிறந்திருந்தால் சித்தப்பாவிடம் ஒரு சைக்கிள் வாங்கியிருக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மூலை போதாமல் போவது பட்டறையின் விதி. 1949-ல் கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்தில் பழைய யாட் கிளப் கட்டடத்துக்கு நகர்ந்தார்கள். அதற்கு முன்பே, 1948-ல், அணுசக்திச் சட்டமும் ஆணையமும் வந்துவிட்டன. இங்கே ஒரு சின்னக் காட்சியைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தில் ரகசியம் ஏகத்துக்கு இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து, பிரிட்டன் சட்டத்தில்கூட ராணுவக் காரியத்துக்குத்தானே ரகசியம், நமக்கு மட்டும் ஆராய்ச்சி முழுவதற்கும் எதற்கு என்று கேட்டார். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் நேரு. கொட்டகைக்குள் என்ன செய்கிறாய் என்று கேட்ட பெரியப்பாவுக்கு, எனக்கே தெரியவில்லை பெரியப்பா என்ற பதில். நேர்மையான பதில்தான். ஆனால் அன்றோடு எட்டிப் பார்க்கும் உரிமை அக்கம்பக்கத்துக்குப் போய்விட்டது.

1954-ல் டிராம்பே.

டிராம்பே முன்பு தனித்தீவு. கிழக்கே துறைமுகக் கடல், நடுவே ஒரு குன்று, சுற்றிலும் சேறும் உப்பளமும் அலையாத்திக் காடும். நகரத்துக்கும் பட்டறைக்கும் நடுவே குன்று நிற்கும். தண்ணீருக்குக் கடல் இருக்கும். ஏதாவது வெடித்தாலும் பெடர் ரோட்டில் டீ கப் ஆடாது. இடத்தேர்வு அருமை. ஆள் இல்லாத இடம் என்றுதான் கோப்புகள் இந்த மாதிரி இடங்களைச் சொல்லும். கோலிகள் இருந்தார்கள், பம்பாய்க்குப் பம்பாய் என்று பெயர் வரும் முன்பிருந்தே அங்கே மீன் பிடித்தவர்கள். எதிர்க்கரையில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், எலிஃபன்டா குகையில் மூன்று முகத்தோடு சிவபெருமான் உட்கார்ந்திருந்தார். அவர் ஆயிரத்து நானூறு வருஷத்துக்குக் குறையாத பழைய குடித்தனக்காரர். அணு உலை கட்ட அவரிடம் யாரும் என்.ஓ.சி. வாங்கவில்லை. பெருமானும் நெற்றிக்கண் சமாசாரத்தில் போட்டிக்கு ஆள் வருகிறதே என்று ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

தெருவும் அதற்குள் பட்டறைத் தெருவாகிக்கொண்டிருந்தது. 1954-55-ல் ஸ்டான்வாக், பர்மா ஷெல் என்று இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. டாடாவின் அனல் மின் நிலையம் வந்தது. 1960-களில் உர ஆலை. செம்பூரில் குடியிருந்த நம்மவர்கள் காலையில் ஜன்னலைத் திறந்தால் எந்த ஆலை இன்று உற்சாகமாக இருக்கிறது என்று மூக்காலேயே சொல்வார்கள். செம்பூருக்கு ‘கேஸ் சேம்பர்’ என்ற செல்லப்பெயர் சும்மா வரவில்லை. அந்தக் கூட்டத்தில் வாசனையே இல்லாத ஒரே அயலார் பாபாதான். நல்ல அயலார் யார் என்று கேட்டால் தெரு சந்தேகமில்லாமல் அவரைத்தான் கை காட்டியிருக்கும்.

டிராம்பேயில் முதலில் வந்தது தோரியம் ஆலை, 1955-ல். இதில் தமிழ்க்கரைக்கும் பங்கு உண்டு. குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியருக்குத் தெரிந்த கதை வேடிக்கையானது. திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துக் கண்டுபிடித்தார். நாரை உதறிவிட்டு அனுப்பியிருந்தால் சமாசாரம் நமக்குள்ளேயே இருந்திருக்கும். முதலில் பெட்ரோமாக்ஸ் மாதிரியான விளக்கு மேண்டிலுக்கு அந்த மணல் போயிற்று, பிறகு அணுவுக்கு. கல்யாணப் பந்தலில் வெளிச்சம் போட்ட அதே தோரியம், பாபாவின் மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில் மூன்றாம் கட்டத்துக்கான மூலதனம் ஆனது. மூன்றாம் கட்டம் இன்னும் வரவில்லை. பட்டறைக்காரர்கள் எல்லாரிடமும், ‘பின்னால் உபயோகப்படும்’ என்று ஒரு சாக்குமூட்டை இருக்கும்.

இனி அப்ஸரா. இதை அவசரமாகச் சொல்லக் கூடாது.

1955-ல் ஜெனீவாவில் அணுவின் அமைதிப் பயன்பாடு பற்றி ஐ.நா. நடத்திய மாநாட்டுக்குப் பாபாதான் தலைவர். உலகமே அவர் பேச்சைக் கேட்கிறது. ஊரில் சொந்தமாக ஒரு உலை இல்லை. சமையல் போட்டிக்கு நடுவராக அழைக்கப்பட்டவர் வீட்டில் அடுப்பு இல்லை என்றால் எப்படி! அந்த வருஷமே உலைக்கான முடிவு எடுத்து, ஓராண்டுக்குச் சற்றே அதிகமான காலத்தில் வேலையை முடித்தார்கள். எரிபொருளான செறிவூட்டிய யுரேனியம் மட்டும் பிரிட்டன் கொடுத்தது. மற்றதெல்லாம் இங்கே. கட்டுப்பாட்டுக் கருவிகளை ஏ.எஸ். ராவ் தலைமையில் நம் ஆட்களே உட்கார்ந்து பற்றவைத்தார்கள். அந்தக் கோஷ்டிதான் பின்னால் வளர்ந்து, 1967-ல் ஹைதராபாதில் இ.சி.ஐ.எல். என்ற கம்பெனி ஆயிற்று. பட்டறைக்குக் குட்டிப் பட்டறை.

உலை என்றதும் கோபுரம், புகைபோக்கி என்று நினைக்க வேண்டாம். ஒரு பெரிய ஷெட். உள்ளே ஒரு தொட்டி: எட்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம், எட்டு மீட்டர் ஆழம். சுத்தமான தண்ணீர். எரிபொருள் அந்தத் தண்ணீருக்குள் தொங்கும். தண்ணீர் ஒன்று, வேலை மூன்று: பாய்ந்தோடும் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளும், மேலே நிற்கிறவரைக் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றும். மேலே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உலைக்குள்ளேயே குனிந்து பார்க்கலாம். உள்ளே நீலம் தெரியும். வெற்றிடத்தில் ஒளியை முந்த ஆள் இல்லை. தண்ணீரில் ஒளி சற்று மெதுவாகத்தான் போகும், அங்கே எலக்ட்ரான்கள் அதை முந்திவிடும். அப்படி முந்தும்போது வரும் வெளிச்சம் அந்த நீலம். செரென்கோவ் என்ற ரஷ்யர் கண்டது.

1956 ஆகஸ்ட் 4, பிற்பகல் 3.45. கட்டுப்பாட்டுத் தண்டுகளை மெல்ல மெல்ல மேலே இழுக்க, தொடர்வினை தானே ஓட ஆரம்பித்தது. சோவியத் நாட்டை விட்டுவிட்டால் ஆசியாவின் முதல் அணு உலை. அந்த நேரத்தில் குன்றுக்கு இந்தப் பக்கம் மாட்டுங்காவில் மாமிகள் மதியத் தூக்கம் கலைந்து காபிக்கு டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்திருப்பார்கள். பக்கத்துக் கொல்லையில் யுரேனியம் பிளக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதில் பாபாவைக் குறை சொல்ல முடியாது. 1942 டிசம்பரில் சிகாகோ நகரத்தின் நடுவில், பல்கலைக்கழக விளையாட்டு மைதான கேலரிக்கு அடியில், ஃபெர்மி உலகத்தின் முதல் உலையை ஓட்டிக் காட்டியபோது சிகாகோக்காரர்களிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1957 ஜனவரி 20-ல் நேரு வந்து டிராம்பே நிலையத்தைத் திறந்துவைத்தார். நீலத்தைப் பார்த்தார். அப்ஸரா என்று பெயர் வைத்தார். தண்ணீர்த் தொட்டிக்குத் தேவலோக நடனமாது பெயர் வைக்கிற ரசனை உள்ள பிரதமரும், அவரைக் கடிதத்தில் ‘பாயி’ என்று அண்ணன் முறை வைத்து அழைக்கிற விஞ்ஞானியும் அமைந்தால், பட்டறைக்கு யார் பட்ஜெட் கேள்வி கேட்பது?

அதே 1957-ல் பயிற்சிப் பள்ளி தொடங்கி, வருஷா வருஷம் நாடு முழுவதிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். தமிழ்நாட்டுப் பங்கு கணிசம். தந்தி வந்த வீட்டில் பெருமை ஒரு பக்கம், “அணுவாமே, உடம்புக்கு ஆகுமா?” என்ற விசாரம் ஒரு பக்கம். செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் பஸ் பிடித்து, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் தயிர்சாதமுமாக வாசலைத் தாண்டுவார்கள். சாயங்காலம் வீட்டில் “இன்னிக்கு ஆபீஸ்ல என்ன?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லை” என்பார்கள். சட்டப்படி அதுதான் சரியான பதில்.

அடுத்தது சைரஸ். பட்டறைக்காரர்களின் இரண்டாவது குணம் இரவல். கனடாவிடம் உலை, அமெரிக்காவிடம் கனநீர். அமைதிக் காரியத்துக்கு மட்டுமே என்று கைமேல் அடித்துச் சொல்லி வாங்கியது. 40 மெகாவாட் உலை, 1960 ஜூலை 10-ல் ஓடத் தொடங்கியது. கனடாவிலிருந்து சாமானும் வந்தது, பாடமும் வந்தது. பி.கே. ஐயங்கார் அங்கே போய் பிராக்ஹவுஸ் என்ற இயற்பியலாளரிடம் நியூட்ரான் வித்தை படித்துவிட்டுத் திரும்பினார்; பிராக்ஹவுஸ் பிற்பாடு 1994-ல் நோபல் வாங்கினார். ஐயங்கார் அதற்குள் போக்ரான் அணு வெடிப்பை முடித்திருந்தார்.

1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்த ஒரு வாரத்துக்குப் பின், பாபா ஆல் இந்தியா ரேடியோவில் பேசினார். அமெரிக்கர்கள் வெளியிட்ட கணக்கை வைத்து விலை சொன்னார்: பத்துக் கிலோடன் வெடிப்புக்கு 17.5 லட்சம் ரூபாய். ஐம்பது குண்டு அடுக்கி வைத்தால்கூடப் பத்துக் கோடிக்குள். தச்சர் வாசலில் நின்று ஜன்னலுக்கு எஸ்டிமேட் சொல்லும் அதே தொனி. தச்சர் எஸ்டிமேட்டில் நிலைவாசல் அடங்காது, பாபாவின் எஸ்டிமேட்டில் உலையும் புளூட்டோனிய ஆலையும் அடங்கவில்லை. ஒரு கிலோ ஜவ்வரிசி விலையை வைத்துக் கல்யாணச் செலவு சொன்ன கணக்கு அது.

1966 ஜனவரி 24, ஏர் இந்தியா விமானம் மோன் பிளான் மலையில் மோதி பாபா இறந்தார். வயது 56. மறுவருஷம் இந்திரா காந்தி நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார். பாபா அணு ஆராய்ச்சி மையம்; ஊர் வாயில் ‘பார்க்’. 1974 மே 18-ல் ராஜஸ்தானின் போக்ரானில், மணலுக்கடியில் சைரஸ் தந்த புளூட்டோனியம் வெடித்தது. அமைதி வெடிப்பு என்று அரசு சொன்னது. சொல்லாமல் இரவல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்தீர்கள் என்று கனடா குதித்தது, உதவியை நிறுத்தியது. தூரத்து அயலாரோடு நடந்த தகராறு இது. புத்தகங்களில் நிறையவே இருக்கிறது. பக்கத்து அயலாரோடு நடந்ததுதான் கொஞ்சமாக இருக்கிறது.

பாபாவிடம் ஒரு நல்ல பழக்கம், அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மரம் வெட்ட விடமாட்டார். ரோடு போடும் இடத்தில் வளர்ந்த மரம் நின்றால், சுற்றிலும் குழி தோண்டி, வேரோடும் தாய்மண்ணோடும் பெயர்த்து, வேறிடத்தில் நட்டு, பிழைக்கிறதா என்று பார்ப்பார். டிராம்பேயின் பச்சைக்கு அந்தப் பிடிவாதம் காரணம். வேரோடு பெயர்ப்பதில் அவ்வளவு பக்குவம் தெரிந்த நிறுவனம், அவர் போன பத்தாவது வருஷத்தில் இன்னொரு பெயர்ப்புக்குக் காரணமானது. அதில் குழி தோண்டியவர்கள் கைவசம் லாரியும் லத்தியும்தான் இருந்தன.

மான்குர்ட் பக்கத்தில் ஜனதா காலனி. அந்த இடத்துக்கு ஜனங்கள் தாமாக வந்து ஒண்டிக்கொள்ளவில்லை. சுதந்திரம் கிடைத்த காலத்தை ஒட்டி, நகரத்துக்குள் அங்கங்கே இருந்த குடிசைகளைக் கிளப்பி, இங்கே போய் இருங்கள் என்று மாநகராட்சியே கொண்டுவந்து விட்ட சேற்று நிலம். சேற்றைத் தூர்த்து, வீடு கட்டி, கடை வைத்து, கோயிலும் மசூதியும் எழுப்பி, ஊர் என்று சொல்லும்படி ஆக்கியபோது பக்கத்தில் உலகத் தரத்தில் ஒரு பட்டறை வளர்ந்திருந்தது. அந்தக் காலனியில் தமிழ் சகஜம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் பிழைப்புக்கு வந்தவர்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் தமிழ், இந்தப் பக்கமும் தமிழ். அந்தப் பக்கத் தமிழுக்கு கிராஜுவிட்டி உண்டு.

1963-ல் கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வாலிபன் பம்பாய்க்கு வந்து இந்தக் காலனியில் ஒட்டிக்கொண்டான். பெயர் ஜோக்கின் அற்புதம். தொழில் தச்சு வேலை. அதாவது, இந்தக் கதையில் நிஜமாகவே பட்டறை சாமான் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். தெருப் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் மாதிரி ஒன்று நடத்தினார். காலனியில் குப்பை அள்ள மாநகராட்சி வராது. மனுப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அற்புதம் பிள்ளைகளுக்குப் பிக்னிக் அறிவித்தார். டிக்கெட் என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு கிலோ குப்பை, பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி எடுத்து வர வேண்டும். அவரே பிற்பாடு சொன்ன கணக்கில், மூவாயிரம் பிள்ளைகள். வரிசையாக நடந்துபோய் மாநகராட்சி அலுவலக வாசலில் ஒவ்வொன்றாகப் பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பின. மூன்று டன். எடை போட்டுப் பார்க்க யாருக்கும் மனசு வந்திருக்காது. மாநகராட்சி வழிக்கு வந்தது.

என்னைக் கேட்டால், எதிர்ப்பு எஞ்சினியரிங் என்று ஒரு படிப்பு இருந்தால் முதல் பாடமாக இதை வைப்பேன். கோரிக்கைக்கு ஆதாரமும் ஆதாரத்தின் மாதிரியும் ஒரே பொட்டலத்தில்.

அணுசக்தித் துறைக்கு ஜனதா காலனி இருந்த நிலம் தேவைப்பட்டது. 1960-களின் பிற்பகுதியிலேயே அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. அற்புதம் கூட்டம் போட்டார், கோர்ட்டுக்குப் போனார், டெல்லி வரை போய் முறையிட்டார், உள்ளே போய்வந்தார். போலீஸ் லாக்கப்பைச் சொல்கிறேன். வருஷக்கணக்காகக் காலனி நகரவில்லை. அப்புறம் நெருக்கடிநிலை வந்தது. கோர்ட்டுக்கும் கூட்டத்துக்கும் லீவு விட்ட காலம். 1976 ஜனவரி 4-ல் பம்பாய்க் குடிசைகளை எல்லாம் கணக்கெடுத்து, குடும்பத்தைப் படம் பிடித்து ‘போட்டோ பாஸ்’ கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் விஞ்ஞானிக்கும் போட்டோ ஒட்டிய அட்டை. ஒன்று உள்ளே விடுவதற்கு. மற்றது வெளியே அனுப்ப வசதியாக. ஏப்ரலில் டெல்லி துருக்மான் கேட்டில் வீடுகளை இடித்தார்கள். மே 17-ல் ஜனதா காலனி. போக்ரானின் இரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய தினம். சுமார் 70,000 பேர். லாரிகள் வந்தன, ஒரு ஊர் காலி.

கொண்டுபோய் விட்ட இடத்தின் பெயர் சீட்டா கேம்ப். இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி, டிராம்பே ஓரம், மறுபடியும் கடல் சேறு. செக்டர்களாகக் கோடு போட்டு, குடும்பத்துக்குப் பத்துக்குப் பதினைந்தடி என்று அளந்து கொடுத்தார்கள். நூற்றைம்பது சதுர அடி. அப்ஸராவின் தொட்டி இருக்கிறதே, அதன் வாய் மட்டும் சுமார் இருநூற்று அறுபது சதுர அடி. யுரேனியத்துக்குச் சூடு தணிய இடம் வேண்டும், மறுக்கவில்லை. மனிதர்கள் நெருக்கியடித்தால் தொடர்வினை ஏற்படாது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குத்தான் தப்பு.

ஏற்பட்டது. நெருக்கடிநிலையில் தேடப்பட்ட அற்புதம் நாட்டை விட்டு வெளியேறி, பிலிப்பைன்ஸ் போய்த் தங்கிவிட்டுத் திரும்பினார். கையோடு 1970-களிலேயே தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு இருந்தது. 1980-களில் ஸ்பார்க் என்ற அமைப்போடும், நடைபாதைப் பெண்கள் சேர்ந்த மகிளா மிலனோடும் கூட்டு வைத்தார். குடிசைகளை அரசாங்கம் எண்ணினால் அடுத்தது லாரி என்று பட்டுத் தெரிந்தவர்; இனி நம்மை நாமே எண்ணிக்கொள்வோம் என்றார். எத்தனை வீடு, எத்தனை தலை, எத்தனை பேருக்கு ஒரு குழாய். அதிகாரியிடம் பேசப் போகும்போது அதிகாரியைவிடத் துல்லியமான கணக்கு இவர்கள் கையில் இருக்கும். சேமிப்புக் குழு, கழிப்பறை, வீடு என்று அந்த முறை வளர்ந்து, 1996-ல் தென்னாப்பிரிக்காவோடு மற்ற நாடுகளும் சேர்ந்து உலகக் குடிசைவாசிகள் அமைப்பானது. அணுவைப் பிளந்து சங்கிலித்தொடர் உண்டாக்கியது சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துச் சங்கிலிக்குக் கனநீர் தேவைப்படவில்லை. காலனியை உடைத்த கை போதுமானதாக இருந்தது.

நியாயத்துக்கு, பட்டறையின் நல்ல காரியங்களையும் சொல்ல வேண்டும். புற்றுநோய் வைத்தியத்துக்கு ஐசோடோப்பு, ஆஸ்பத்திரி சாமான்களைக் கதிர்வீச்சால் சுத்தம் செய்யும் நிலையம், கதிர்வீச்சு கொடுத்து உண்டாக்கிய பயிர் ரகங்கள். டிராம்பே நிலக்கடலை டி.ஏ.ஜி.-24 பெயர் பல மாநில விவசாயிகளுக்குத் தெரியும். குண்டும் கடலையும் ஒரே விலாசத்தில் கிடைப்பது உலகத்தில் அபூர்வம். ரசாயனத்தில் புழுங்கும் செம்பூரில் அணுசக்தி நகர் குடியிருப்பு இன்றும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் அந்தக் குளிர்ச்சியை அனுபவிக்க வாசலில் பெயர், வேலை, யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் சொல்ல வேண்டும்.

சைரஸ் 2010 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. அப்ஸராவையும் அதே காலத்தை ஒட்டி நிறுத்தி, பிரித்து, பெரிதாகக் கட்டி, 2018 செப்டம்பர் 10-ல் மீண்டும் ஓடவிட்டார்கள். இம்முறை எரிபொருளும் இங்கேயே செய்தது. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 13-ல், அற்புதம் காலமானார். இடையில் இருவருக்கும் அரசாங்கம் மரியாதை செய்திருந்தது: பாபாவுக்கு 1954-ல் பத்ம பூஷண், அற்புதத்துக்கு 2011-ல் பத்மஸ்ரீ. அற்புதத்துக்கு 2000-லேயே மகசேசே விருதும் கிடைத்திருந்தது. வீட்டை இடித்த அரசாங்கமும் சட்டையில் பதக்கம் குத்திய அரசாங்கமும் ஒன்றே என்பதில் அற்புதத்துக்கு வருத்தம் இருந்ததோ இல்லையோ, அரசாங்கத்துக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

டிராம்பே பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாபாவின் பட்டறைக்கு முன்அனுமதி வேண்டும், காரணம் வேண்டும், தெரிந்தவர் ஒருவர் உள்ளே இருந்தால் நல்லது. சீட்டா கேம்ப்புக்கு மான்குர்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். யாரும் பாஸ் கேட்க மாட்டார்கள். வழி தெரியாவிட்டால் தமிழிலேயே கேட்கலாம்.